செய்கூலியை விட்டுக்கொடுக்காதீங்க: கைவேலை நகைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விலையைப் பற்றியவை. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையம்: சில்க் த்ரெட் ஜிமிக்கி செஞ்சு இன்ஸ்டாகிராமில் விக்கிறேனுங்க. ஜோடி 120 ரூபாய். ஆர்டர் நல்லாத்தான் வருது, ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. விலையை ஏத்தினா ஆள் வராதோன்னு பயமா இருக்கு.

120 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: இன்னொரு பக்கத்தில் 130 என்று பார்க்கிறோம், நாம் பத்து ரூபாய் குறைத்துப் போடுகிறோம். அந்த 130ஐப் போட்டவரும் அப்படித்தான் போட்டிருப்பார்.

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். மோல்டு, நூல், குந்தன் கல், கொக்கி, பசை எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறுந்த நூல், கோணலாக ஒட்டிய கல், காய்ந்துபோன பசை ட்யூப் ஆகியவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, 4 ரூபாய். டப்பா, அட்டை, ஸ்டிக்கர் 15. ஒரு ஜோடிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறதென்றால், மணிக்கு 80 ரூபாய் வீதம் 120. மொத்தம் 179. வழியில் உடைந்து மறுபடி அனுப்புவது, போன் ரீசார்ஜ், விளம்பரம் என்று ஒரு 20 சேர்த்தால் 199. கூரியர் இதில் இல்லை, அது தனி. அதாவது 120க்கு விற்கும்போது ஒவ்வொரு ஜோடியிலும் உங்கள் கூலியில் பெரும்பகுதியை நீங்களே வாங்குபவருக்கு மொய் வைக்கிறீர்கள்.

கோவை ராஜ வீதியில் நகை வாங்கும்போது பில்லில் செய்கூலி, சேதாரம் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். பேரம் பேசுகிறோம், ஆனால் "கூலியே எதுக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. நூலும் மண்ணும் மணியும் என்றால் மட்டும் செய்தவருடைய நேரம் ஓசிக்கு வந்துவிடுகிறது. இதை நாம்தான் பழக்கிவிட்டோம்.

இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, நேரத்தைக் குறையுங்கள். ஒரு ஜோடியை ஆரம்பித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், பத்து ஜோடிக்கு நூல் சுற்றுவதை ஒரே உட்காரலில் முடித்து, மறுநாள் பத்துக்கும் கல் ஒட்டுங்கள். ஒன்றரை மணி ஒரு மணியாக இறங்கினால் கூலியில் மட்டும் 40 ரூபாய் குறையும். இரண்டாவது, பழைய டிசைனின் விலையைத் தொடாதீர்கள். புது டிசைன்களைச் சரியான விலையில் போடுங்கள். பழையது தீர்ந்ததும் நிறுத்திவிடலாம். விலையேற்றம் என்று யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை.

பூட்டிக் (boutique) கடைக்காரர் மொத்தமாகக் கேட்டால் அவருடைய கமிஷனும் இந்த விலைக்குள்தான் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

கூடவே கேட்டிருந்தீர்கள்: "நங்கையா வந்து சொந்தத்துக்கு என்ன விலைன்னா என்ன பண்றது?" நங்கையா, அதாவது நாத்தனாரோ அண்ணியோ, கேட்டாலும் விலையைக் குறைக்காதீர்கள். ஒரு ஜோடியைச் சீர் என்று சும்மாவே கொடுத்துவிடுங்கள். தள்ளுபடி விலை அன்றைக்கே நங்கையாவின் தங்கச்சி வீடு வரை போய்விடும், சீர் அப்படிப் போகாது.

உடுமலைப்பேட்டை: டெரகோட்டா கம்மல், ஆரம் செய்யறேன். மாசி பங்குனியில செஞ்சதெல்லாம் நல்லா வந்துச்சுங்க. ஆனி பிறந்ததுல இருந்து ஓரம் வளையுது, சூளையில வெடிக்குது. மண்ணு அதே மண்ணுதான்.

மண்ணைக் குறை சொல்லாதீர்கள், காற்றைப் பாருங்கள். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பக்கத்தில் எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. அந்தக் காற்றில் கம்மலின் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். மேலே சுருங்க, உள்ளே சுருங்காமல் இருக்க, ஓரம் தூக்கிக்கொள்ளும் அல்லது கீறல் விடும்.

இந்த மூன்று மாதமும் மொட்டை மாடி வேண்டாம். உள் அறையில், ஜன்னலை ஒட்டாமல், செய்தித்தாளின் மேல் பரப்பி, மேலே ஒரு பருத்தித் துணியோ லேசாகத் திறந்த பிளாஸ்டிக் டப்பாவோ மூடி மெதுவாகக் காயவிடுங்கள். தினமும் ஒரு தரம் திருப்பிப் போடுங்கள். தட்டையான பதக்கமாக இருந்தால் பாதி காய்ந்த பிறகு இரண்டு பலகைக்கு நடுவில் வைத்தால் வளையாது.

வெடிப்பதற்குக் காரணம் வேறு. வெளியே காய்ந்த மாதிரி தெரியும் உருப்படியை நம்பி நெருப்பில் வைத்திருக்கிறீர்கள். உள்ளே மிஞ்சிய நீர் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருகிறது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சூளையிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் தணலின் அருகில் சூடேற விட்டு, அப்புறம்தான் நெருப்பைக் கூட்ட வேண்டும். பிசையும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழும் அந்த இடத்தைப் பலவீனமாக்கும், அதனால் மண்ணை நன்றாக அடித்துப் பிசையுங்கள்.

இன்னொன்று. கேக் அவனில் சுட்டால் போதுமா என்று சிலர் எழுதியிருந்தார்கள். போதாது. வீட்டு அவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். மண் மறுபடி கரையாத அளவுக்கு மாற, சுமார் 600 டிகிரியாவது தாண்ட வேண்டும். அவனில் வைத்தது நன்கு காய்ந்த மண், அவ்வளவுதான். பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, வாங்கியவர் மழையில் நனையும்போது தெரியும். ஒவ்வொரு சூளையிலும் ஒரு உருப்படியைப் பெயின்ட் அடிக்காமல் எடுத்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் கெட்டியாக இருந்தால் அந்தச் சூளையில் சுட்டது முழுவதையும் விற்கலாம்.

நாமக்கல்: வளையல் சைஸ் தப்பாப் போச்சுன்னு திரும்பத் திரும்ப ரிட்டர்ன் வருது. 2.8 கேட்டவங்களுக்கு 2.10 பெருசா சின்னதான்னே எனக்குக் குழப்பம்.

2.10தான் பெரியது. அதைப் புள்ளி ஒன்று பூஜ்யம் என்று படிக்கக் கூடாது, இரண்டு-பத்து என்று படிக்க வேண்டும். முதல் எண் இன்ச், அடுத்தது பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டேகால் இன்ச் உள்விட்டம், 57.2 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 66.7. இந்த மில்லிமீட்டர் கணக்கை ஒவ்வொரு படத்தின் கீழும் போடுங்கள்.

வாங்குபவரிடம் பழைய வளையலின் உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்து சொல்லச் சொல்வது நல்லது. பழைய வளையல் இல்லையென்றால், கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கி, கை மிக அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றளவு எடுத்து 3.14ஆல் வகுக்கலாம். 19 சென்டிமீட்டர் வந்தால் 60.5 மில்லிமீட்டர், அதாவது 2.6.

நூல் வளையலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2.6 பட்டையில் நூல் சுற்றினால் உள்பக்கமும் நூல் வருகிறதல்லவா? உள்விட்டம் கொஞ்சம் குறைந்துவிடும். சுற்றி முடித்த பிறகு அளந்து, அந்த அளவைப் போடுங்கள். உங்களுக்கு வரும் ரிட்டர்னில் கணிசமானது இதனால்தான் என்று நினைக்கிறேன். வளைகாப்பு ஆர்டர் என்றால் ஒரு சைஸ் கூட்டியே சொல்லுங்கள், மாசமான பிள்ளைக்குக் கை வீங்கியிருக்கும்.

ஈரோடு: என்கிட்ட வாங்கின கம்மலால் காது புண்ணாயிடுச்சுன்னு ஒரு அக்கா திட்டிட்டாங்க. ஜிமிக்கியில என்ன தப்பு?

தப்பு பெரும்பாலும் கொக்கியில். மலிவான கொக்கிகளின் முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கும். வேர்வை பட்டு முலாம் தேய்ந்ததும் அது தோலில் படும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பு, நீர் கோத்தல், புண் எல்லாம் வரும். 92.5 வெள்ளிக் கொக்கி அல்லது டைட்டானியம் கொக்கி போடலாம். சர்ஜிகல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு, ஆனால் வெளிவிடும் அளவு மிகக் குறைவு, பலருக்கு ஒத்துக்கொள்ளும். கூடுதல் காசுக்கு வெள்ளிக் கொக்கி மாற்றித் தரப்படும் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அக்காவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், வாதாட வேண்டாம்.

திருப்பூர்: வீட்டில் இருந்தபடி விற்க ஜி.எஸ்.டி. வேணுமா? உத்யம் எடுத்துத் தர்றோம், 2,500 ரூபாய் ஆகும்னு போன் வந்துச்சு.

உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. அதற்குக் கட்டணமே இல்லை. அரசுத் தளத்தில் ஆதார் எண்ணை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். அந்தப் போனை வைத்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் சொந்தமாகப் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. பெரிய ஆன்லைன் சந்தைகளில் விற்க முன்பு எல்லாருக்கும் பதிவு வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் முதல், வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள் பதிவெண்ணுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்ப ஆரம்பித்தால் பொதுவாகப் பதிவு வேண்டும். கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. உங்கள் சரக்குப் பட்டியலை ஆடிட்டரிடம் காட்டி, அந்த விலக்கில் எது வரும் என்று ஒரே தடவையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு எடுத்தால் கவரிங், மணி, நூல் போன்ற இமிடேஷன் நகைக்கு வரி 3 விழுக்காடு.

வெள்ளகோவில்: காங்கேயம் பக்கத்துக் கல்லுன்னு சொல்லி மூன்ஸ்டோன், அக்வாமரின் மணி கொடுக்கறாங்க. அதை வச்சு பென்டன்ட் செஞ்சு "கொடுமணல் மணி"ன்னு பேர் போட்டு விக்கலாமா?

நம்ம ஊர்ப் பெருமை என்று எனக்கும் ஆசைதான். காங்கேயம் பக்கத்துப் படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயர்கள் பெரில் எனும் கல்லைத் தோண்டியிருக்கிறார்கள். அக்வாமரின் அந்தப் பெரில் வகைதான். காங்கேயம் வட்டாரத்து மூன்ஸ்டோனும் பெயர் பெற்றது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் பெரில், பளிங்கு (குவார்ட்ஸ்), சூதுபவள மணிகள் முடிந்ததும் முடியாததுமாகக் கிடைத்தன. அங்கேயே பட்டறை நடந்திருக்கிறது என்பதற்கு அந்த முடியாத மணிகள்தான் சாட்சி. பதிற்றுப்பத்திலும் கொடுமணத்து அருங்கலம் வருகிறது.

ஆனால் "கொடுமணல் மணி" என்று போட்டால், அங்கே தோண்டி எடுத்தது என்று ஒருவர் நினைத்து வாங்குவார். பழம்பொருள் விற்கிறீர்கள் என்ற சந்தேகமும் வரும். "கொடுமணல் பாணி" என்று போடுங்கள், போதும்.

அதைவிட முக்கியம், கையில் இருப்பது கல்தானா என்பது. மூன்ஸ்டோன் என்ற பெயரில் ஓபலைட் எனும் கண்ணாடி தாராளமாக ஓடுகிறது. நல்ல மூன்ஸ்டோனைத் திருப்பினால் அந்த நீலப் பளபளப்பு கல்லின் மேல் நகர்ந்து போகும், ஒரு கோணத்தில் மறைந்தும்விடும். ஓபலைட் எந்தப் பக்கம் திருப்பினாலும் பால்நீலமாகவே இருக்கும், விளக்குக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு அடிக்கும். லென்ஸில் உருண்டைக் குமிழ்கள் தெரிந்தால் பேசவே வேண்டாம், கண்ணாடிதான். அக்வாமரினில் கீறிப் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். கண்ணாடியைக் கீறினால் அது கண்ணாடி இல்லை என்பது மட்டும் தெரியும், சாதாரண குவார்ட்ஸ் கல்லும் கண்ணாடியைக் கீறும். விலை உயர்ந்த கல்லென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் சான்று வாங்கி, அந்தச் செலவை விலையில் சேருங்கள். ஓபலைட்டை ஓபலைட் என்றே சொல்லி விற்பதில் எந்தக் குறையும் இல்லை, அழகான கண்ணாடிதான் அது.

சேலம்: செவ்வாப்பேட்டையில் கொலுசு வாங்கி ஆன்லைனில் போடலாம்னு இருக்கேன். எல்லாத்தையும் "சுத்த வெள்ளி"ன்னு போட்டுடலாமா?

போடாதீர்கள். எத்தனை டச் என்று கேட்டு வாங்கி, அந்த எண்ணையே போடுங்கள். 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 92.5 என்று விற்பதாக இருந்தால் ஹால்மார்க் உள்ள சரக்கை எடுங்கள். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் ஹெச்.யு.ஐ.டி. எண், அதாவது ஹால்மார்க் நகை ஒவ்வொன்றுக்கும் தரும் தனி எண், வந்திருக்கிறது, கட்டாயமில்லை. அந்த எண்ணை அரசின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆத்தூர்: பணம் அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு, பார்சல் போட்டுட்டேன். பணம் வரவே இல்லைங்க.

ஸ்கிரீன்ஷாட்டை யாரும் செய்துவிடலாம். பேங்க் கணக்கில் ஏறியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் பார்சல் கட்ட வேண்டும். "கூடுதலா அனுப்பிட்டேன், திருப்பி விடுங்க" என்றாலும் இதேதான், கணக்கைப் பார்க்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். பணம் வாங்க யு.பி.ஐ. பின் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான். நடந்ததை சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கோயம்புத்தூர்: என் டிசைனை அப்படியே இன்னொருத்தர் காப்பி அடிச்சு, என் போட்டோவையே போட்டு விக்கறாங்க.

போட்டோ உங்களுடையது. அந்தப் பக்கத்தின் மீது காப்பிரைட் புகார் கொடுங்கள், அசல் படக் கோப்பை வைத்திருங்கள். டிசைன் வேறு கதை. அதற்குத் தனிப் பதிவு உண்டு, 10 ஆண்டும் மேலும் 5 ஆண்டும் காப்பு கிடைக்கும். ஆனால் பதிவு செய்யும் முன் வெளியிட்ட டிசைன் புதியதாகக் கணக்கில் வராது. இன்ஸ்டாகிராமில் போட்ட அன்றைக்கே அது போய்விட்டது. மாங்காய் மாலை, லட்சுமி பதக்கம் போன்றவை பொதுச்சொத்து, அதற்காகச் சண்டை போட வேண்டாம். கார்ட்டூன் பொம்மைகளை நீங்கள் காப்பி அடிப்பதும் இதே குற்றம்தான், உங்கள் பக்கத்தில் இரண்டு பார்த்தேன். எடுத்துவிடுங்கள்.

கரூர்: போட்டோவில் ஒரு கலர், நேரில் ஒரு கலர்னு சொல்றாங்க.

ஃபில்டரை நிறுத்துங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, காலை ஒன்பது மணிவாக்கில் வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுங்கள். தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் கம்மலின் நிறமும் தப்பாகத்தான் விழுந்திருக்கிறது. மெரூனும் அரக்கும் எப்படியும் குழப்பும், அந்த இரண்டுக்கு மட்டும் நூலின் ஷேட் எண்ணைப் போட்டுவிடுங்கள்.