மலை உச்சிப் பைன் மரத்தின் விதையை ஃப்ரீசரில் வைத்தால் பல ஆண்டு கழித்தும் முளைக்குமா?

முளைக்கும், ஆனால் நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். விதைக்குள் ஈரம் மிஞ்சியிருந்தால் உறையும்போது பனிப்படிகம் உருவாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். விதைநெல்லைக் காயவைத்துக் கட்டுவதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

அமெரிக்க ராக்கி மலைகளின் ஒயிட்பார்க் பைனைப் பாருங்கள். 1910 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு மேற்குக் கரையில் நுழைந்த துருநோய்ப் பூஞ்சை இந்த மரங்களைக் கொன்றுவருகிறது. 2022இல் அரசே இதை அழியும் அபாயமுள்ள இனமாகப் பட்டியலிட்டது.

விதை எடுப்பதே பெரும்பாடு. நட்கிராக்கர் என்ற காக்கை இனப் பறவை முந்திக்கொள்ளும். அதனால் கோடைத் தொடக்கத்திலேயே மரமேறி, காய்களுக்குக் கம்பிவலைக் கூண்டு போடுகிறார்கள். இதில் அந்தப் பறவையைத் திட்டவும் முடியாது. அது புதைத்து மறந்த விதைகளிலிருந்துதான் இந்தக் காடே முளைக்கிறது!

பறித்த விதையை ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குக் கீழே போகும்வரை உலர்த்தி, காற்றுப்புகாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைப்பார்கள். வெளியே எடுத்ததும் முளைத்துவிடாது. உள்ளிருக்கும் கரு பெரும்பாலும் முழுதாக வளர்ந்திருக்காது. சில வாரம் இளஞ்சூடு, பிறகு சில மாதம் ஈரக்குளிர் காட்டினால்தான் கண்விழிக்கும்.

என் பார்வையில், நோயைத் தாங்கி நிற்கும் மரங்களின் விதையைத் தனித்தனியே பெயரிட்டுச் சேமிப்பதுதான் முக்கியம். கலந்துவிட்டால் எது எந்தத் தாயின் பிள்ளை என்றே தெரியாது.