கசிவுநீர் மாடலிங் எடுத்தால் வேலை கிடைக்குமா? கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சிவில் முடித்து, மண்ணையும் அடித்தளத்தையும் பற்றிய ஜியோடெக்னிக்கலில் மேற்படிப்பு சேர்ந்திருக்கிறீர்கள். ஆழமான பள்ளங்களில் நிலத்தடி நீர்க் கசிவையும் துளைநீர் அழுத்தத்தையும் (மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீரின் அழுத்தம்) மாடல் செய்வதை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறீர்கள். இப்போது பயம் வந்துவிட்டது. இது ரொம்பக் குறுகிய துறையோ, ஸ்ட்ரக்சுரல் பக்கம் போயிருக்கலாமோ, மூன்று மாத சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்ந்தால்தான் யாராவது கூப்பிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவும் "எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே போட்டுவிடுமே, இதற்கு எதற்கு இரண்டு வருடம்?" என்கிறாராம்.

துறையை மாற்ற வேண்டாம். கோர்ஸுக்கு இப்போது பணமும் கட்ட வேண்டாம்.

பேஸ்மென்ட், மெட்ரோ நிலையம், சுரங்கப்பாதை ஷாஃப்ட், பம்ப் ஹவுஸ், அணை, திறந்தவெளிச் சுரங்கம் என்று நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டும் எந்த வேலையிலும் இந்தக் கணக்கை யாராவது போட்டே ஆக வேண்டும். தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு அப்பாவிடம் சிங்கப்பூரைச் சொல்லுங்கள். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் ஹைவே அருகே மெட்ரோவுக்காகத் தோண்டிய, சுமார் 30 மீட்டர் ஆழத்தை எட்டியிருந்த பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். பள்ளத்தின் சுவர்களைத் தாங்கும் முட்டுச் சட்டங்களின் இணைப்பு பலம் போதாமல் இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் கம்ப்யூட்டர் மாடலிலேயே இருந்தது. அங்கிருந்த இளகிய கடல் களிமண்ணுக்கு, தண்ணீர் வெளியேற நேரமில்லாத நிலையில், பொருந்தாத ஒரு முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது துளைநீர் அழுத்தத்தைக் குறைத்துக் கணித்தது, அதனால் களிமண்ணின் பலம் இருப்பதைவிட அதிகமாகத் தெரிந்தது, சுவர் எவ்வளவு வளையும் என்பதும் குறைவாகவே வந்தது. சாஃப்ட்வேர் பழுதில்லாமல்தான் ஓடியது, அதற்குக் கொடுத்த அனுமானம்தான் தவறு. அதைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கிற ஆளாக நீங்கள் ஆனால் வேலையைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்காது.

அந்தத் திறமை எங்கிருந்து வரும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8 மீட்டர் ஆழப் பள்ளம், ஒரே சீரான மணல். வெளியே நீர்மட்டம் தரையிலிருந்து 2 மீட்டர் கீழே, உள்ளே பம்ப் வைத்துப் பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்கியாகிவிட்டது. ஷீட் பைல் சுவரின் (எஃகுத் தகடுகளை மண்ணுக்குள் இறக்கி அமைப்பது) அடிமுனை 14 மீட்டரில் இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் இரண்டு பக்கமும் நிலைநீர் அழுத்தம், அதாவது தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது இருக்கும் அழுத்தம், போட்டுவிடுவார்கள். ஒரு மீட்டர் தண்ணீருக்குப் பத்து கிலோபாஸ்கல் என்று வைத்தால் அடிமுனையில் வெளிப்பக்கம் 120, உள்பக்கம் 60 வரும். சுவரின் கீழ்முனையில் ஒரே புள்ளியில் இரண்டு அழுத்தம் எப்படி இருக்கும்? மணலில் இருக்காது, தண்ணீர் ஓடும். வெளியே 12 மீட்டர் இறங்கி, உள்ளே 6 மீட்டர் ஏறி, மொத்தம் 18 மீட்டர் பாதையில் 6 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஓட வைக்கும் மட்ட வித்தியாசம்) கரைகிறது. அது சீராகக் கரைவதாக வைத்துக்கொண்டால் அடிமுனைக்கு வருவதற்குள் 4 மீட்டர் போய்விடும். 12 இல் 4 போக 8 மீட்டர், அதாவது 80 கிலோபாஸ்கல். உள்ளேயிருந்து எண்ணினாலும் 6 கூட்டல் 2, அதே 80.

சரி, இதனால் என்ன? மணலின் எடையை ஒரு கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று வைத்தால் உள்பக்கம் அடிமுனையில் மொத்த அழுத்தம் 120. நிலைநீர்க் கணக்கில் தண்ணீரின் பங்கு போக மண் துகள்கள் தாங்க மிஞ்சும் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் 60, கசிவைச் சேர்த்தால் 40. சுவரை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் மண்ணின் பிடிமானத்தில் அந்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. தண்ணீரின் மேல்நோக்கிய சரிவு, அதாவது உள்ளே ஏறும் 6 மீட்டரில் கரையும் 2 மீட்டர் ஹெட், 0.33, மணல் கொதித்துக் கிளம்பும் எல்லை ஏறக்குறைய 1, ஆக பாதுகாப்புக் காரணி 3 என்று திருப்தி வரும். அங்கேயும் கவனமாக இருங்கள். பள்ளம் குறுகலாக இருந்தால் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் நடுவில் நெருக்கியடித்து ஏறும், உள்பக்கச் சரிவு இந்த எளிய கணக்கைவிடக் கூடிவிடும். மாடலிங் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

அந்த மாடலையும் முதலில் ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே செய்யுங்கள். சீரான மண்ணில், நிலையான ஓட்டத்தில், ஒவ்வொரு கட்டத்தின் ஹெட்டும் அதன் நான்கு பக்கத்துக் கட்டங்களின் சராசரி. வெளியே நீர்மட்டத்தில் 6, பள்ளத்தின் அடியில் 0, சுவரிலும் நடுக்கோட்டிலும் தண்ணீர் புகாத எல்லை, சுழற்சிக் கணக்கீட்டை ஆன் செய்துவிட்டு எண்கள் அசையாமல் நிற்கும்வரை விடுங்கள். அப்புறம் அடியில் உள்ள எல்லையை மூடிப் பாருங்கள், திறந்து பாருங்கள், பக்க எல்லையை நெருக்கி வையுங்கள், தள்ளி வையுங்கள். ஊடுருவுதிறனை, அதாவது மண் தண்ணீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதை, பத்து மடங்கு மாற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சீரான மண்ணில் அழுத்தம் துளியும் மாறாது, பம்ப் இறைக்க வேண்டிய அளவு மட்டும் பத்து மடங்காகும். அடுக்கடுக்கான மண்ணில் அப்படியில்லை, அங்கே அடுக்குகளுக்கு இடையேயான விகிதம்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். நேர்காணலில் இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிற மாணவரை யாரும் மறக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பள்ளத்துக்கு அடியில் களிமண் அடுக்கும் அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிற்கும் மணலும் இருந்தால், சாஃப்ட்வேரில் ஒரு நீர்மட்டக் கோடு வரைந்துவிட்டுப் போனால் அந்த ஆபத்து மாடலுக்குத் தெரியவே தெரியாது. 4 மீட்டர் களிமண் எடை 76 கிலோபாஸ்கல் என்றால், கீழே 9 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் 90 கொடுத்து மேலே தள்ளும், அடிமட்டமே பெயர்ந்துவிடும். இரண்டு, களிமண் மேல் மண் கொட்டிக் கரை எழுப்புவதும் பள்ளம் தோண்டுவதும் எதிரெதிர். கரை கொட்டும்போது துளைநீர் அழுத்தம் ஏறும், அதனால் ஆபத்து ஆரம்பத்தில். தோண்டும்போது சுமை குறைவதால் அழுத்தமும் இறங்கும், மண் முதலில் உறுதியாக நிற்கும், நாளாக ஆகத் தண்ணீரை உறிஞ்சித் தளரும். நேற்று நின்றது இன்றும் நிற்கும் என்று தளத்தில் யாராவது சொன்னால் நீங்கள் தலையிட வேண்டும்.

வேலை எங்கே என்றால் டிசைன் கன்சல்டன்சிகள், தற்காலிகக் கட்டமைப்பு டிசைன் செய்யும் பெரிய கான்ட்ராக்டர்கள், பள்ளத்திலிருந்து தண்ணீரை இறைக்கும் டிவாட்டரிங் நிறுவனங்கள், கண்காணிப்புக் கருவிகள் பொருத்தும் நிறுவனங்கள். முதல் வேலை தளத்தில் துளைநீர் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரில் ரீடிங் எடுப்பதாக இருந்தால் தயங்காமல் சேருங்கள். மாடல் சொன்ன அழுத்தமும் கருவி காட்டிய அழுத்தமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு மழைக்காலம் பார்த்தவருக்குப் பின்னால் டிசைன் மேசையில் தனி மதிப்பு இருக்கும். துளையிடல் அறிக்கையைப் படிக்கவும் அங்கேதான் பழகுவீர்கள். சம்பளம் ஆரம்பத்தில் ஐடி நண்பர்களோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் வரும், அதை மறைக்க விரும்பவில்லை. பொறுப்புள்ள கையெழுத்துப் போடும் நிலைக்கு வரச் சில வருடங்கள் ஆகும், அந்தப் பொறுமை இருந்தால் மட்டும் வாருங்கள்.

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிளாக்ஸிஸ், சீப் டபிள்யூ இரண்டில் ஏதாவது ஒன்று உங்கள் துறை லேபில் இருக்கும், அதில் பழகுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மாட்ஃப்ளோ இலவசமாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன 14 மீட்டர் சுவரை அதில் போட்டு, அடிமுனை அழுத்தம் கைக்கணக்கின் 80 இலிருந்து ஏன் விலகுகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள், அந்தப் பக்கத்தை ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள். அதை எழுதி முடித்த பிறகும் கோர்ஸ் தேவை என்று தோன்றினால் அதன் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்புங்கள், பணம் கட்டலாமா என்று அப்போது பார்த்துச் சொல்கிறேன்.