மாருதி 800 பின் சக்கரப் பேரிங்: வீட்டிலேயே மாற்றலாம்

வணக்கம் நண்பரே. வேகம் 40 கி.மீ. தாண்டினால் உங்கள் மாருதி 800-இன் பின் இடது சக்கரம் இரைகிறது, டயரை மாற்றியும் சத்தம் போகவில்லை என்கிறீர்கள். பேரிங்காகத்தான் இருக்கும், அதாவது சக்கரம் தடையின்றிச் சுழல உதவும், குண்டுகள் அடங்கிய வளையம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைச் சுற்றியபடி சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் விரல் வைத்துப் பாருங்கள். தேய்ந்த பேரிங் என்றால் நறநறவென்ற அதிர்வு விரலுக்கே தெரியும்.

சக்கரத்தைக் கழற்றியபின், நடுவிலுள்ள மூடி, காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் வளைந்த கம்பி), நட்டு கழன்றால் டிரம் (பிரேக்கை மூடியிருக்கும் வட்டப் பாத்திரம் போன்ற பாகம்) வந்துவிடும். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். டிரம்முக்குள்ளே இரண்டு பேரிங், நடுவில் அவற்றின் இடைவெளியைக் காக்கும் ஸ்பேசர் என்ற குழாய். ஸ்பேசரை விட்டுவிட்டு நட்டை முறுக்கினால் புதுப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

புதுப் பேரிங்கை டிரம்மில் இறக்கச் சுத்தியல் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பேரிங்கின் மேல் சுத்தியலால் நேரடியாக அடிக்கவே கூடாது. வெளி வளையத்தின் அளவுக்குப் பொருந்தும் பெரிய சாக்கெட்டை (நட்டு கழற்றும் குழாய் வடிவக் கருவி) வைத்து, கோணாமல் தட்டி இறக்குங்கள். கணகணவென்ற சத்தம் திடீரென்று கனத்துக் கேட்டால் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். உள் வளையத்தில் அடி விழுந்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழும். முதல்முறை நான் அப்படித்தான் கெடுத்தேன், இரண்டே வாரத்தில் இரைச்சல் திரும்பிவிட்டது.

அப்புறம், காட்டர் பின் புதிதாகவே போடுங்கள். பிரேக் ஷூவில் (டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் பாகம்) கிரீஸ் படவே கூடாது.