ரிவால்வரில் சேஃப்டி பட்டன் இல்லையே, கை தவறி விழுந்தால் வெடித்துவிடாதா?

நல்ல நிலையில் உள்ள இன்றைய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் (டிரிகரை இழுத்தாலே ஹேமர் என்னும் சுத்தியல் பின்னே போய்த் தோட்டாவை அடிக்கும் வகை) விழுந்த அதிர்ச்சியில் வெடிக்காது. அதன் காப்பு வெளியே பட்டனாக இல்லாமல், உள்ளே டிரிகரோடு பிணைந்திருக்கிறது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வகையை எடுத்துக்கொள்வோம். டிரிகரை விட்டதும் ஒரு சுருள்வில், ரீபவுண்ட் ஸ்லைடு என்ற சிறு கட்டையை முன்னே தள்ளும். அதன் மேட்டுப் பகுதி ஹேமரின் அடியை முட்டி, ஹேமரைச் சற்றே பின்னுக்கு நகர்த்தி அங்கேயே நிறுத்திவிடும். ஆனால் ஹேமரின் மேல் நேராகப் பலத்த அடி விழுந்தால் இந்த முட்டு உடையக்கூடும் என்பதால், ஹேமருக்கும் சட்டகத்துக்கும் இடையே ஹேமர் பிளாக் என்ற எஃகுத் துண்டையும் வைத்தார்கள்.

அந்தத் துண்டு எப்படி நகர்கிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்குத் தரப்பட்ட, அதே நிறுவனத்தின் விக்டரி மாடலில் அது தன் வில்விசையால் மட்டுமே தடுப்பு நிலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 1944இல் கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸ் இறுகி, துண்டைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டதே காரணம் என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகு வந்த அமைப்பில் துண்டின் அடிப்பகுதியை ரீபவுண்ட் ஸ்லைடிலுள்ள ஊசியில் மாட்டிவிட்டார்கள். டிரிகரை முழுவதும் இழுத்தால்தான் அது கீழிறங்கி வழிவிடும். விட்டதும் ஸ்லைடே அதை மேலேற்றிவிடும்.

ரூகர் ரிவால்வர்களில் உள்ள டிரான்ஸ்ஃபர் பார் இதற்கு நேரெதிர். அங்கே ஹேமர் தானாக, தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஃபயரிங் பின்னை எட்டவே முடியாது. டிரிகரை இழுக்கும்போது மேலெழும் ஒரு பட்டைதான் அடியைக் கடத்துகிறது. எனக்கு இதுவே கூடுதல் நம்பிக்கை தருகிறது, ஏனெனில் பட்டை உடைந்தால் துப்பாக்கி சுடாது, கோளாறு உடனே தெரிந்துவிடும். ஹேமர் பிளாக்கோ, பழுது பார்ப்பவர் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டும்போது அதை வைக்க மறந்துபோனாலும் ரிவால்வர் வழக்கம் போலச் சுடும். பிரித்துப் பூட்டிய ரிவால்வரைத் திரும்ப வாங்கும்போது, அந்தத் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பழுது பார்த்த ஆர்மரரிடம் தயங்காமல் கேளுங்கள்.