ஏ.ஆர்.டி. மாத்திரையும் ஹார்மோனும்: அக்காகிட்ட கேளுங்க

நானும் திருநங்கைதாங்க, கோயமுத்தூர்ப் பக்கம், எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கற நம்பிக்கை மையத்துக்கு ஆளுகளக் கூட்டீட்டுப் போய்ட்டு வர்றவ. டாக்டர் இல்ல.

கேள்வி (திருப்பூர்): அக்கா, எச்.ஐ.வி.க்குக் குடுக்கற ஏ.ஆர்.டி. மாத்திரை போட ஆரம்பிச்சு 3 மாசம். ஹார்மோனும் எடுக்கறேன். ரெண்டும் ஒத்துக்காது, நெஞ்சு வளராதுங்கறாங்க. ஒன்ன நிறுத்தட்டுமா?

பதில்: ஒன்னையும் நிறுத்தாத கண்ணு. இந்தப் பேச்சக் கேட்டே மாத்திரைய விட்டவளுக நெறைய. இப்ப ஜி.எச்.ல குடுக்கற டி.எல்.டி.ல டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூணும் ஒன்னாவே இருக்குது, அது ஈஸ்ட்ரோஜன்ங்கற பொண்ணு ஹார்மோன ஒன்னும் பண்றதில்ல. முன்னால குடுத்த எபாவிரென்ஸ்தான் ஹார்மோன் அளவ கொறைக்கும்னாங்க, அந்தப் பயம் இன்னும் ஓயல. நீ பாக்க வேண்டியது கால்சியம், இரும்பு மாத்திரைய. வெறும் வயித்துல சேத்துப் போட்டா டோலுடெகிராவிர் ஒடம்புல சரியா ஏறாது, கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்னாலயே டி.எல்.டி.ய போட்டுரு, இல்லாட்டி சாப்பாட்டோட ரெண்டையும் போடு. ஆமா, மெடிக்கல்ல வாங்கற கருத்தடை மாத்திரையத்தான் ஹார்மோன்னு முழுங்கறயா? ரத்தம் கட்டி அடைச்சுக்கும், சிகரெட்டும் இருந்தா கேக்கவே வேண்டாம், டாக்டரப் பாத்து மாத்திக்க.

கேள்வி (பொள்ளாச்சி): நான் ஆணும் இல்ல பொண்ணும் இல்ல. நேத்து நைட்டு காண்டம் கிழிஞ்சுருச்சு.

பதில்: இதப் படிச்சதும் கெளம்பு சாமி. எச்.ஐ.வி. தொத்தாம தடுக்கற மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கோணும், 28 நாள் போடோணும். ஜி.எச்.ல கேளு.

கேள்வி (ஈரோடு): எச்.ஐ.வி. தொத்தாம இருக்க முன்னாலயே தெனம் போடற மாத்திரை திருநங்கைகளுக்கு வேல செய்யாதாமா?

பதில்: அது, அந்த மாத்திரையப் பத்தி 2010ல வந்த ஐப்ரெக்ஸ்ங்கற ஆராய்ச்சிலருந்து வந்த கத. 2499 பேர்ல 339 பேரு நம்மளாட்டம், எல்லாத்தையும் ஆம்பளக் கணக்குலயே சேத்துட்டாங்க. பொறவு தனியாப் பிரிச்சுப் பாத்தா நமக்குப் பலன் தெரியலைன்னு வந்துச்சு, ஆனா தொத்துன நம்மாளுக ரத்தத்துல அப்ப மருந்தே இல்லீங்க, வாரம் 4 மாத்திரையாவது போட்டவளுக யாருக்கும் தொத்தவும் இல்ல. ஹார்மோனுக்குப் பயந்து எத்தன பேரு விட்டாளுகளோ! 2024ல லெனகபாவிர்ங்கற தடுப்பு ஊசி ஆராய்ச்சி வந்துச்சு, 6 மாசத்துக்கு ஒருக்கா போடறது, அதுல திருநங்கை, திருநம்பி, ரெண்டுலயும் சேராதவங்கன்னு தெளிவா எழுதியே சேத்தாங்க. ஊசி போட்ட 2179 பேர்ல தொத்துனது 2 பேருக்குத்தான்.

கேள்வி (நாமக்கல், திருநம்பி): டெஸ்ட்டுக்குப் போனா பேரக் கேட்டு சிரிக்கறாங்க.

பதில்: என்னையும் ஒரு எடத்துல அப்படித்தான் சிரிச்சாங்க தம்பி. 2017 எச்.ஐ.வி. சட்டப்படி உன் சம்மதமில்லாம டெஸ்ட் எடுக்கவும் கூடாது, ரிசல்ட்ட வெளிய சொல்லவும் கூடாது. எச்.ஐ.வி. உதவி நம்பர் 1097க்கு போன் போட்டுக் கேளு.

கேள்வி (கரூர்): ஊட்டுல மாத்திரை பாட்டில் கலகலங்குது, வேற டப்பாவுல கொட்டி வெக்கட்டுமா?

பதில்: வேண்டாங்கண்ணு, ஈரம் இழுத்துக்கும். உள்ள இருக்கற சின்னப் பையையும் எடுத்தறாத. என்ற சிநேகிதி ஒருத்தி பாட்டில பழைய பாவாடையில இறுக்கிச் சுத்தி துணிப் பொட்டிக்கு அடில வெச்சுருக்கறா, சத்தமே வர்றதில்ல.