கேள்வி: நிலையத்தின் கட்டுப்பாட்டு வலையிலிருந்து அலுவலகக் கணினிக்குத் தரவு வெளியே மட்டும்தான் போகிறதென்றால், அக்கணினியை இணையப் பாதுகாப்பு மதிப்பீட்டிலிருந்து விட்டுவிடலாமா?

விட முடியாது. தரவை ஒரு திசையில் மட்டுமே விடும் ஒருவழி டயோடு போன்ற வன்பொருள் அந்தத் திசையை உறுதிசெய்யாத வரை, அக்கணினியும் உங்கள் மதிப்பீட்டுக்கு உட்பட்டதே.

வரைபடத்தில் அம்புக்குறி ஒருபுறமே இருந்தாலும், இரு பக்கத் தரவையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவு மென்பொருள் இருபுறமும் எழுதக்கூடும். 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஹேட்ச் அணுமின் நிலையத்தில், அலுவலக வலையிலிருந்த கணினி ஒன்றைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்ததும் கட்டுப்பாட்டுப் பக்கத்துத் தரவு மீட்டமைக்கப்பட்டது. அதை நீர்மட்டம் குறைந்ததாகக் கொண்ட பாதுகாப்பு அமைப்பு உலையை நிறுத்த, 48 மணிநேரம் உற்பத்தி இல்லை. இத்தனைக்கும் தாக்கியவர் எவருமில்லை.

சோதனை மேடையில் அதே கணினியை மறுதொடக்கம் செய்து, வலை சுவிட்சின் மிரர் போர்ட்டில் (கடந்துபோகும் தரவின் நகலைத் தரும் இணைப்பு) உள்நோக்கி வரும் பாக்கெட்டுகளைப் பாருங்கள். தரவு கிடைத்ததெனத் திரும்பிவரும் ஒப்புகைகள் இயல்பானவை; எழுதும் கட்டளைகளைத் தேடுங்கள்.

இயங்கும் நிலையத்தில் வலையைத் துழாவும் ஸ்கேனரை ஓட்ட வேண்டாம்; அது வலையில் நெரிசலைக் கூட்டும். 2006-இல் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் வலைநெரிசலுக்கிடையே பம்புக் கட்டுப்படுத்திகள் செயலிழந்ததால், உலையை இயக்கும் பணியாளர்களே அதை நிறுத்த நேர்ந்தது.