ஊசி போடச் சம்மதிச்சது தப்பா?

"என் நாயோட சிறுநீரகக் கோளாறை முன்னாடியே கவனிச்சிருந்தா பிழைச்சிருப்பானோ, கருணைக்கொலை ஊசிக்குச் சம்மதிச்சது துரோகமோ"ன்னு கேட்டிருக்கீங்க, அக்கா. ரெண்டுமே இல்ல. நாய்க்குச் சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால்வாசி கெட்ட பிறகுதான் ரத்தத்துல கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவு, ஏறும். அதுவரைக்கும் கொஞ்சம் தண்ணி கூடக் குடிக்கும், அவ்வளவுதான். சிங்கப்பூர் வெயிலுக்கு அதை யார் சந்தேகப்படுவா? எங்க ஷிட்சூ நாயும் அப்படித்தான். கடைசியில வாய்ப்புண், வாந்தி, சோத்தை முகர்ந்துகூடப் பார்க்கல. நானும் சம்மதிச்சேன். அந்த மருந்துல முதல்ல நினைவு போகும், அப்புறம்தான் மூச்சும் இதயமும் நிற்கும். தலையைத் தடவிக்கிட்டே இருந்தீங்கல்ல, அவனுக்குக் கடைசியாத் தெரிஞ்சது அந்தக் கைதான்.

ஒண்ணு மட்டும்: நாய் வளர்க்க உரிமம் தர்ற தேசியப் பூங்காக் கழகத்துல அவன் உரிமத்தை ரத்து பண்ணிடுங்க. நான் மறந்துட்டேன். புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்துச்சு. புளோக் கீழ, தபால் பெட்டி பக்கத்துலயே நின்னு அழுதேன்.